செயல்படாத வளர்ச்சிக் காரணிக் குப்பிகள் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

பொருள்: மனித இ.ஜி.எஃப். (மேல்தோல் வளர்ச்சிக் காரணி) புரதம், புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி), இரண்டு குப்பிகள்

ஐயா / அம்மையீர்,

கடந்த மாதம் தங்களிடம் வாங்கிய மேற்கண்ட குப்பிகள் இரண்டும் எங்கள் ஆய்வகத்தில் வேலை செய்யவில்லை. இதைத் தெரிவித்தபோது, புரதத்தின் தூய்மை 95 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் குறை எங்கள் செல்களில்தான் இருக்கும் என்று தங்கள் தொழில்நுட்பப் பிரிவு பதில் அனுப்பியது. அதை எங்களால் ஏற்க இயலாது.

இ.ஜி.எஃப். வந்து பொருந்தும் செல்மேற்பரப்புப் புரதமான ஏற்பியை மிகுதியாகக் கொண்ட ஏ-431 என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களை ஓரிரவு சீரம் இல்லாமல் வைத்திருந்து, ஒரே தட்டின் சில குழிகளில் தங்களுடைய பழைய லாட்டையும் வேறு சில குழிகளில் புதிய லாட்டையும் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் வீதம் இட்டு, 5 நிமிடம் கழித்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, வேண்டியதை எதிர்ப்பொருளால் கண்டறியும் சோதனை) செய்தோம். பழைய லாட்டில் பாஸ்பேட் ஏறிய, அதாவது தூண்டப்பட்ட, ஏற்பி 170 கிலோடால்டன் அளவில் அடர்ந்த பட்டையாகத் தெரிந்தது. புதியதிலோ எதுவும் இடாத குழியைப் போலவே வெறுமையாக இருந்தது. மொத்த ஏற்பியின் அளவில் குழிகளுக்குள் வேறுபாடில்லை. அந்தப் பழைய லாட் காலாவதியாகி இரண்டு மாதம் ஆகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இ.ஜி.எஃப். 53 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம். அதிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் ஆறும் உரிய இணைகளாகச் சேர்ந்து மூன்று டைசல்பைடு (கந்தகம்–கந்தகம்) பிணைப்புகள் அமைந்தால்தான், ஏற்பியின் வெளிப்பகுதியில் ஒன்றாம், மூன்றாம் களங்களுக்கு இடையே அது சரியாகப் பொருந்தும். அப்போதுதான் அதுவரை உள்ளே மறைந்திருந்த இரண்டாம் களத்தின் கை வெளிப்பட்டு அடுத்த ஏற்பியைப் பற்றும். செல்லுக்குள் ஒரு ஏற்பியின் கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதிப்பகுதி) மற்றதைத் தூண்ட, ஏற்பியின் டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் பாஸ்பேட் ஏறும்.

தங்கள் சான்றிதழிலோ மெர்காப்டோஎத்தனால் சேர்த்து ஓட்டிய ஜெல் படம் ஒன்றே இருக்கிறது. பிணைப்புகளை அறுத்துவிட்டு ஓட்டும் ஜெல்லில், சரியாக மடிந்த புரதமும் பிசகாக மடிந்த புரதமும் ஒரே பட்டையாகத்தான் தெரியும். செல்களில் சோதித்ததற்கான வரி ஒன்றுகூட அதில் இல்லை. பொதி வந்தபோது ஐஸ் முழுதும் உருகியிருந்தது என்றாலும், உலர்பொடி அதனால்தான் கெட்டது என்று நான் வாதிடவில்லை.

ஆகவே, இந்த லாட்டின் செயல்திறன் சோதனை முடிவை அனுப்பவும், சோதித்த வேறு லாட்டிலிருந்து இரண்டு குப்பிகளை மாற்றித் தரவும், அது இயலாவிடில் முழுத் தொகையைத் திருப்பித் தரவும், இதே லாட்டை வாங்கிய மற்றவர்களுக்குத் தகவல் தெரிவிக்கவும் வேண்டுகிறேன். பிளாட் படங்களை இணைத்துள்ளேன். குப்பிகளில் மீதமுள்ள புரதம் மைனஸ் 20 டிகிரியில் உள்ளது. தங்கள் ஆய்வுக்கு எடுத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்