ஒரே ஒரு கோடைக்காலப் படத்தை வைத்து ஆற்றங்கரையை வரையாதீர்கள்

ஆற்றங்கரைப் பூங்காத் திட்டத்தின் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும், அதற்கு வரைபடம் தயாரிக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். முதல் கட்டப் பூங்காவுக்குள் மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் கட்டத்துக்கும் அதே அடிப்படை வரைபடத்தையே வைத்திருக்கிறீர்கள் என்பதைக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பார்த்த பிறகுதான் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. சுவரில் மாட்டியிருந்த அந்தப் பெரிய செயற்கைக்கோள் படத்தில் ஆறு மெல்லிய கோடாக ஒடுங்கியிருக்கிறது, இரண்டு பக்கமும் மணல் வெளுத்துக் கிடக்கிறது, அதாவது கடும் கோடையில் எடுத்த படம். அந்த மணல் விளிம்பை ஒட்டித்தான் புது நடைபாதையின் கோடு போகிறது.

முதல் கட்டத்தில் நடந்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காக ஒரு சரிவுப்பாதை போட்டீர்கள், அதற்கு இன்றும் நன்றி. கணவரை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா தினமும் மாலையில் அங்கே வருவார். வெள்ளம் வடிந்த பிறகு அந்தப் பாதை முழுக்க வண்டல் படிந்துவிட்டது. பார்க்க உலர்ந்து வெடித்த மேல்தோல்தான், சக்கரம் ஏறினால் உள்ளே களி, முன்சக்கரம் பாதி புதைந்து அப்படியே நின்றுவிடும். அவர் ஒருநாள் தள்ளிப் பார்த்தார், பின்னால் இழுத்துப் பார்த்தார், கடைசியில் வழியில் போன இரண்டு பேர் வந்து நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். தூக்கியபோது அந்தப் பெரியவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் வரவே இல்லை. பாதையைக் கழுவச் சொல்லி மனு கொடுத்தோம், கழுவினீர்கள், அடுத்த மழைக்கு மறுபடியும் அதே வண்டல். கழுவித் தீர்க்கக்கூடிய பிரச்சினையே இல்லை இது. பாதை இருக்கும் இடம் ஆற்றின் இடம்.

இது முன்கூட்டியே தெரிந்திருக்க முடியாதா? கண்டிப்பாக முடியும், கோபம் வருவதே அதனால்தான். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படம் பிடித்து வருகின்றன, 2008 முதல் அந்தப் படங்கள் எல்லோருக்கும் இலவசம். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்களில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் அகலம், அதுவும் இலவசம். மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சரி, அதற்குத்தான் சென்டினல்-1 இருக்கிறதே, அது ரேடார், மேகத்தையும் இரவையும் தாண்டிப் பார்க்கும், அமைதியாக நிற்கும் தண்ணீர் அதில் கறுப்பாகத் தெரியும். பல வருடப் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் எந்த இடம் எப்போதும் தண்ணீர், எந்த இடம் வருடத்தில் சில வாரம் மட்டும் தண்ணீர் என்பது பிரிந்து வந்துவிடும். க்யூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளிலேயே செய்யக்கூடிய வேலை இது.

இன்னொன்று, உயரக் கணக்கு. கூட்டத்தில் காட்டிய நிலமட்டப் படம் இலவசமாகக் கிடைக்கும், 30 மீட்டருக்கு ஒரு உயர அளவு தரும் தரவு என்று உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. 2000-இல் விண்கலத்திலிருந்து ரேடார் கொண்டு அளந்த அந்தத் தரவு, அடர்ந்த மரம் இருக்கும் இடத்தில் தரையைச் சரியாகக் காட்டாது, மரத்தின் உயரமும் அதில் கலந்துவிடும். நம் கரையோரம் முழுக்க மரம். ஆகவே கணினிக்குக் கரை மேடாகத் தெரிந்திருக்கும், தண்ணீர் ஏறாது என்று அது சொல்லியிருக்கும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டுமே சரியும் நிலத்தில் உயரக் கணக்கு ஒரு மீட்டர் பிசகினால் வெள்ளக் கோடு நூறு மீட்டர் தள்ளிப் போகும். பூங்காவின் மொத்த அகலமே அவ்வளவு இருக்காது. விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ லிடார் (லேசர் ஒளியால் உயரம் அளக்கும் முறை) எடுத்தால் இலைகளின் இடைவெளி வழியாகத் தரை மட்டம் கிடைக்கும், அதுவும் முடியாவிட்டால் அளவைக் கருவியோடு ஆட்கள் இறங்கி அளக்கட்டும். ஆகவே மறுபடியும் கேட்கிறேன்: ஒரே ஒரு கோடைக்காலப் படத்தை வைத்து எல்லை போடாதீர்கள்.

தண்ணீரே வராத பூங்கா வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. சிங்கப்பூரில் பிஷான்–அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆற்றின் சிமெண்ட் கால்வாயை உடைத்து, ஆற்றை வளைந்து நெளிந்து ஓடவிட்டு 2012-இல் திறந்தார்கள். மழை வலுத்தால் புல்வெளியில் தண்ணீர் ஏறும், அப்படி ஏறும் என்று தெரிந்தே வடிவமைத்தது அது, எச்சரிக்கைக்கு நீர்மட்டமானியும் சைரனும் இருக்கின்றன. புல்வெளி நனையலாம், மறுநாள் காய்ந்துவிடும். சரிவுப்பாதையும் ஊஞ்சலும் கழிப்பறையும் மேட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நாங்கள் சொல்வது.

அப்புறம், படத்தில் தெரியாத விஷயங்களும் உண்டு. மர நிழலுக்கு அடியில் பல வருடமாக ஜனங்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைகள் எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. உங்கள் வரைபடத்தில் அங்கே வேலி போகிறது! கரையில் குடியிருப்பவர்களை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் ஜிபிஎஸ்ஸோடு நடந்தால் அந்தப் பாதைகள் வரைபடத்தில் ஏறிவிடும். எந்தத் திட்டத்திலும் இதுதான் வழக்கமாகிவிட்டது, வரைபடம் முடிவெடுப்பதற்கு உதவாமல், எடுத்த முடிவுக்கு அட்டைப்படமாக மட்டும் வருகிறது. மக்கள் பணத்தில் தயாரான வரைபடத்தை மக்கள் கேட்டால் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பெரிதாக்கிப் பார்க்க முடியாத மங்கலான பிடிஎஃப்.

கோபத்தில் கொஞ்சம் தூரம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான். பல வருட மழைக்காலப் படங்களையும் சரியான தரைமட்ட அளவையும் வைத்து இரண்டாம் கட்டத்தின் எல்லையைத் திரும்ப வரையுங்கள், டெண்டர் விடுவதற்கு முன்பே அந்த வரைபடத்தை எல்லோரும் திறந்து பார்க்கும் வடிவில் வெளியிடுங்கள், முதல் கட்டத்துச் சரிவுப்பாதையை மேட்டுக்கு மாற்றித் தாருங்கள். எந்தெந்த இடத்தில் தண்ணீர் எதுவரை வரும் என்று நடந்து காட்ட நாங்கள் தயார். ஒரு தேதி மட்டும் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
கரையோரம் குடியிருக்கும் ஒருவர்