கடலுக்குள் இறங்கும் பனியாறு

லோங்யர்பியன், ஸ்வால்பார்ட், நோர்வே
ஆடி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். ஹொட்டேல் குசினி வேலை பழகிவிட்டது. ஆடி முழுக்க இங்கே சூரியன் மறையாது, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டித்தான் படுக்கிறோம். அம்மாவின் முழங்கால் நோ எப்படி?

"கடல் உறைஞ்சுதான் அந்தப் பனிமலை நிக்குதோ?" என்று போனில் கேட்டீர்கள். இல்லை அப்பா, அது முழுக்க நல்ல தண்ணீர். வடதுருவத்துக்குக் கிட்ட இருக்கிற இந்த ஸ்வால்பார்ட் தீவுகளின் நிலத்தில் ஏறத்தாழ 60 வீதம் பனியாறுதான். மேட்டில் விழும் பனி கோடையிலும் முழுதாகக் கரையாது. வருஷா வருஷம் மேலே மேலே படிய, அடியில் உள்ளது நசுங்கிக் கட்டியாகிறது. பிறகு தன் பாரத்தாலேயே பள்ளத்தாக்கு வழியே மெல்ல வழிந்து வந்து கடலில் முகம் வைக்கிறது. ஆஸ்ட்ஃபொன்னா என்கிற பெரிய பனித்திடலின் முகம் மட்டும் ஏறத்தாழ 180 கிலோமீற்றர் நீளமாம்.

நான் வள்ளத்தில் போய்ப் பார்த்தது நோர்டன்ஷியோல்ட் பனியாறு. கிட்டப் போக விடமாட்டார்கள், எந்த நேரமும் இடியும். இறுகிய பனி சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால், வெடிப்புகளுக்குள் அப்படி ஒரு நீலம்! நம்மூர்க் கடலில்கூட நான் காணாத நீலம். பார்த்துக்கொண்டிருக்க ஒரு துண்டு சரிந்தது. விழுந்ததைக் கண்ட பிறகுதான் இடிமுழக்கம் வந்து சேர்ந்தது. சூடான கடல்நீர் அடியை அரிக்க, மேலே உள்ளது பிடிமானமின்றி விழுகிறதாம். கடல் சூடேற ஏற, இங்கே பல பனியாறுகள் பின்வாங்கிக்கொண்டிருக்கின்றன. அதை நினைக்கத்தான் மனசு கேட்கவில்லை.

வள்ளக்காரர் வலைக்கூடையால் ஒரு கட்டி எடுத்துத் தந்தார். கண்ணாடி மாதிரி. உள்ளே அடைபட்ட பழங்காற்று வெளியேற, அது சடசடவென்று பொரிந்தது. வாயில் வைத்தேன், துளி உப்பில்லை. கிணறு உவராகுதே என்று கவலைப்படுகிற ஊரில் பிறந்த எனக்கு, இத்தனை நல்ல தண்ணீர் கடலில் கொட்டுவதைப் பார்க்க என்னவோ செய்தது.

நம்மூர்க் கீரிமலையில் கடலோரத்தில் நன்னீர் ஊறுவதுபோல, இங்கே பனியாற்றின் காலடியில், கடலுக்கு அடியிலேயே, உருகிய நீர் பீறிடுகிறது. உப்புநீரைவிட இலேசு என்பதால் மேலே எழும்பும். எழும்பும்போது சின்ன உயிரிகளையும் அள்ளி வரும். அந்தக் கலங்கல் தண்ணீருக்கு மேலே கடற்பறவைகள் மொய்த்துக் கிடந்தன.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாரியில் தொண்டைமானாற்று வெள்ளம் கடலில் பாயும்போது என்ன மீன் கூடும்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். வள்ளக்காரர் கேட்டார், சொல்ல வேணும்.

அன்பு மகன்