அகலத்தில் சலுகை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாரிகளில் காற்றுத் தடையைக் குறைக்கும் தகடுகளைப் பொருத்தினால் டீசல் மிச்சமாகும், அதற்காக அமெரிக்காவில் இருப்பதுபோல் அகல விதியில் சலுகை தர வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாதவரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கன்டெய்னர் ட்ரெய்லர்தான் எங்களுக்குச் சோறு. டீசல் மிச்சமாகும் என்பது சரி. அகலத்தில் சலுகை என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 93-ஆவது விதி, வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியும், 20 மில்லிமீட்டர் கனத்துக்குள் இருக்கும் உரசல் பட்டையும் அந்தக் கணக்கில் சேராது. அமெரிக்காவில் 102 அங்குலம், கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் அங்கே சரக்கு ஏற்றாத சாதனம் என்றால் ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம் வெளியே நீட்டிக்கொள்ளலாம். அவர்களுடைய பெட்டி ட்ரெய்லர்களை 102 அங்குலத்துக்கே கட்டிவிடுகிறார்கள், பக்கத்தில் எதை மாட்டினாலும் எல்லையைத் தாண்டிவிடும். அதனால் அவர்களுக்கு அந்தச் சலுகை தேவைப்பட்டது.

எங்கள் பக்கம் ஓடுவது கப்பல் கன்டெய்னர். அதன் அகலம் 8 அடி, அதாவது 2.438 மீட்டர். 2.6-இல் கழித்தால் 16 சென்டிமீட்டர் மிச்சம், பக்கத்துக்கு 8. போதாதற்கு, பக்கத் தகடு கன்டெய்னர்மேல் ஒட்டுவதும் அல்ல. சேஸிஸுக்கு அடியில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே தொங்குவது. ஒன்றரை அங்குல ஆங்கிளும் (L வடிவ இரும்புச் சட்டம்) தகடும் சேர்த்தாலும் கன்டெய்னர் ஓரத்தைத் தாண்டாமல் மாட்டிவிடலாம். இல்லாத பிரச்சினைக்கு எதற்குச் சலுகை? பார்சல் லாரிக்காரர்கள் தங்கள் பாடி 2.6-க்கே கட்டியது என்பார்கள். பாடியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக் கட்டச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

எண்ணூர் விரைவுச்சாலையில் காலை எட்டு மணிக்கு டூவீலரில் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்த அங்குலக் கணக்கு ஏன் முக்கியம் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். ஒரு தடத்தின் அகலம் பொதுவாக 3.5 மீட்டர். அதில் 2.6 மீட்டர் வண்டி போனால் மிச்சம் 90 சென்டிமீட்டர். ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் கிட்டத்தட்ட 70. ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம் கூட்டினால் அந்த 90, 75 ஆகிவிடும். அந்த இடைவெளியில்தான் காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வருகிறவர்களும் மணலிக்கு ஷிப்டுக்குப் போகிறவர்களும் புகுந்து போகிறார்கள். புகக் கூடாதுதான். ஆனால் துறைமுகத்துக்காக வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது வேறு எப்படிப் போவது?

கட்டுரையில் வராத ஒரு விஷயம். 1973-இல் எட்வின் சால்ட்ஸ்மன் என்ற நாசா பொறியாளர் பாலைவனச் சாலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பெரிய லாரி நெருங்கியபோது காற்று அவரை ஓரமாகத் தள்ளியது, கடந்து போனதும் லாரிப் பக்கமாக இழுத்தது. அங்கே ஆரம்பித்ததுதான் லாரிக் காற்றுத் தடை பற்றிய அவர்களுடைய ஆராய்ச்சி. ஒரு வேனைச் சுற்றித் தகடு அடித்து வெறும் பெட்டியாக்கி ஓட்டிப் பார்த்தார்கள். மூலைகளை வளைத்ததும் தடை பாதிக்கும் மேல் குறைந்தது. அந்தத் தள்ளலும் இழுப்பும் எண்ணூர் சாலையில் டூவீலர் ஓட்டுகிற எல்லோருக்கும் அத்துப்படி. நாங்கள் ஆராய்ச்சி பண்ணவில்லை, பிரேக் பிடித்தோம்.

அப்புறம் மிச்சக் கணக்கு. வேகம் 2 மடங்கானால் காற்றுத் தடை 4 மடங்காகும். 80 கிலோமீட்டரில் போகும் லாரி 20-க்கு இறங்கினால் தடை 16-இல் ஒரு பங்கு. திருவொற்றியூருக்கும் துறைமுக வாசலுக்கும் நடுவே ஊர்ந்து போகிற வண்டிக்கு எந்தத் தகடு மாட்டியும் பிரயோஜனம் இல்லை. அங்கே டீசலைக் குடிப்பது காற்று அல்ல, வரிசை. கும்மிடிப்பூண்டி தாண்டி நெல்லூர்ச் சாலையில் விட்டு ஓட்டும்போதுதான் தகடு காசு தரும். அங்கேயும் நம் சரக்கு லாரிகளுக்கு 80 தான் உச்சம். 105-இல் ஓடும் அமெரிக்க லாரியோடு ஒப்பிட்டால் காற்றுத் தடை பத்தில் ஆறு பங்குதான். அவர்களுடைய மிச்சச் சதவீதத்தை அப்படியே எடுத்து இங்கே எழுதுவது நியாயமா? கேபின் தலையில் காற்றைப் பெட்டிக்கு மேலே திருப்பிவிடும் விண்ட் டிஃப்ளெக்டர் மாட்டிக்கொண்டு, கன்டெய்னரை இறக்கிவிட்டு வெறும் ட்ரெய்லரோடு திரும்பி வருகிறவர்களையும் பார்க்கிறேன். பின்னால் பெட்டி இல்லாதபோது அது காற்றுக்கு எதிராகப் பிடித்த குடைதான்.

ஐரோப்பாவில் 2015-இல் சட்டத்தைத் திருத்தி, பின்கதவுப் பக்கம் மடக்கும் தகடுகளுக்காக நீளத்தில் இடம் கொடுத்தார்கள். பொது அகலம் 2.55 மீட்டராகவே இருக்கிறது. நாமும் நீளத்தில் கொடுக்கலாம். வேண்டாத இடத்தில் மடக்கிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஆனாலும் அந்தப் பக்கத் தகடு எங்கள் ஏரியாவுக்கு வர வேண்டும் என்றுதான் நான் சொல்வேன், டீசலுக்காக அல்ல. பெரிய சரக்கு லாரிகளுக்குப் பக்கவாட்டுத் தடுப்பு ஏற்கெனவே கட்டாயம். டூவீலர் சாய்ந்தால் ஆள் பின்சக்கரத்துக்குள் போகாமல் இருக்க. பெரும்பாலும் இரண்டு குழாய்களை நீளவாக்கில் வைத்து முடித்துவிடுகிறோம். குழாய்க்கு நடுவே ஹேண்டில்பார் நுழைந்து மாட்டிக்கொண்டால் இழுத்துக்கொண்டு போய்விடும். வழவழப்பான முழுத் தகடாக இருந்தால் உரசி வெளியே தள்ளும். நெடுஞ்சாலையில் அதே தகடு வண்டிக்கு அடியில் காற்று புகுவதையும் தடுக்கும். ஒரே செலவில் இரண்டு வேலை. மேலே கீல் வைத்துத் தூக்கும்படி செய்தால் ஸ்டெப்னி எடுக்கவும் பிரேக் பார்க்கவும் இடைஞ்சல் இராது. எண்ணூர் உப்புக்காற்றில் சாதாரண இரும்புத் தகடு சீக்கிரம் பொரிந்துவிடும், அலுமினியம் போட வேண்டும். விலை கூடத்தான்.

விதியை மாற்றுவதற்கு முன்னால் இருக்கிற விதி வண்டியில் இருக்கிறதா என்று யாராவது பார்க்கட்டும். எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டப் போகும் நாளில் மட்டும் தடுப்பை மாட்டி, வந்ததும் கழற்றுகிற வண்டிகள் உண்டு. கன்டெய்னர் யார்டு மேடு பள்ளத்தில் இடிக்கிறது என்பார்கள். புது வண்டிக்கு 2 வருஷத்துக்கு ஒரு முறை, 8 வருஷம் ஆன பிறகு வருஷா வருஷம் எஃப்.சி. நடுவே யாரும் கேட்பதில்லை. துறைமுக வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். எப்படியும் அங்கே வண்டி மணிக்கணக்கில் நிற்கத்தானே செய்கிறது.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். மாட்டிக் கொடுப்பதும் நான்தான், கழற்றிக் கொடுப்பதும் நான்தான். "போல்ட்டைத் தொலைச்சிடாதண்ணே, அடுத்த வருஷம் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதை எழுதும்போது பட்டறைச் சுவரில் நான்கு ஜோடி சாய்ந்து நிற்கிறது. ஒவ்வொன்றிலும் வண்டி நம்பரைச் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறைக்காரன்,
மாதவரம், சென்னை