நடந்தால் மட்டும் போதாது, வெயிட்டும் தூக்கவேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கான உடற்பயிற்சி என்று உங்கள் பத்திரிகையில் எப்போது எழுதினாலும் நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கொஞ்சம் யோகா என்பதோடு முடிந்துவிடுகிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் வெயிட் தூக்குவதைப் பற்றியும், குறிப்பாக ஒரு காலத்தில் தூக்கிவிட்டு நடுவில் விட்டுவிட்டவர்கள் எப்படித் திரும்பி வருவது என்பதைப் பற்றியும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு 49 வயது. முப்பதுகளில் நாலு வருடம் ஒழுங்காகத் தூக்கினேன். அப்புறம் வேலை, வீட்டில் ஒருவருக்கு மாற்றி ஒருவருக்கு நோய் என்று பதினோரு வருடம் ஓடிப்போனது. போன வருடம் ஒருநாள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கும்போது இரண்டு கையும் நடுங்கின. மறுநாளே ஜிம்மில் சேர்ந்தேன்.

அங்கிருந்த ட்ரெய்னர் வயதை மட்டும் கேட்டார், முன்னால் செய்ததுண்டா என்றுகூடக் கேட்கவில்லை, ஒரு கிலோ டம்பெல் இரண்டைக் கையில் கொடுத்து "உங்களுக்கு இது போதும் மேடம்" என்றார். அந்தக் கோபத்தில் நான் என் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். டெட்லிஃப்ட், அதாவது தரையில் இருக்கும் எடைக்கம்பியைப் பிடித்துத் தூக்கி நிமிர்வது, 60 கிலோ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. சரி, குறைத்தே செய்வோம் என்று 45 போட்டேன், வந்துவிட்டது. மூன்றாவது வாரம் முழங்கையின் உள்பக்கம் பிடித்துக்கொண்டது, தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகக்கூட முடியவில்லை. இரண்டு மாதம் போயிற்று. பழகிய தசை சீக்கிரம் பலத்துக்குத் திரும்பிவிடும், அதை எலும்போடு பிணைக்கும் தசைநாண் அந்த வேகத்துக்கு வராது என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திரும்பி வருகிற பெண்ணுக்கு முதலில் யாராவது சொல்லவேண்டியது இதுதான்.

அதன் பிறகு எடைத் தட்டு எதுவும் மாட்டாமல், 20 கிலோ வெறும் பாரை, அதாவது கம்பியை மட்டும், கட்டைகளின் மேல் வைத்துத் தொடங்கினேன். வாரம் இரண்டு நாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாரின் ஒவ்வொரு பக்கமும் ஒன்றேகால் கிலோ கூட்டினேன். ஐந்து மாதத்தில் அதே 45 கிலோவுக்கு வந்தேன், இந்தமுறை முழங்கை வலிக்கவில்லை. உள்ளங்கையில் பழைய இடத்திலேயே காய்ப்பு வந்திருக்கிறது, அதைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

முப்பதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்கிறார்கள். மாதவிடாய் நிற்கிற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்க, எலும்பும் வேகமாகத் தேய்கிறது. தசையை வலுப்படுத்தும் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2020இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பயிற்சியாளர் மேற்பார்வையில் வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், நல்ல கனமாகவே தூக்கவைத்தார்கள். எட்டு மாதத்தில் கீழ்முதுகின் எலும்பு அடர்த்தி கூடியது. ஒரு கிலோ டம்பெல்லால் இது நடக்காது.

உடம்பு ஆண் மாதிரி ஆகிவிடும் என்று இன்னமும் பயப்படுகிறார்கள். ஆண்களுக்கு அதிகம் இருக்கிற டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண்ணுக்கு இருக்கிற அளவுக்கு அது அவ்வளவு எளிதில் நடக்காது.

இன்னொன்றையும் வெளிப்படையாக எழுதுங்கள். கனமாகத் தூக்கும்போது சிலருக்குச் சிறுநீர் கசியும். என்னோடு பயிற்சி செய்த ஒருவர் யாரிடமும் சொல்லாமல் அதற்காகவே நின்றுவிட்டார். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசைகளுக்கென்று தனிப்பயிற்சி உண்டு, பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுப்பார், பெரும்பாலானவர்களுக்கு அதில் நல்ல குணம் தெரியும். ரத்த அழுத்தமோ எலும்புத் தேய்மானமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

கட்டுரை போடும்போது இளம்பெண்ணின் படத்தைப் போட்டுவிடாதீர்கள். எங்கள் வயதுப் பெண் ஒருத்தி பாரைப் பிடித்து நிற்கிற படமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி