ஸ்பிட்ஃபயரும் பெட்ரோலும்

ஆசிரியருக்கு,

1940-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய பிரிட்டன் வான்போர் பற்றிய உங்கள் கட்டுரையில் எரிபொருளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெரிய குறை இது.

1940-இன் தொடக்கத்தில் பிரிட்டிஷ் சண்டை விமானங்கள் 87 ஆக்டேன் பெட்ரோலிலிருந்து 100-க்கு மாறத் தொடங்கின. தானாக வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைக் காட்டும் எண்தான் ஆக்டேன். ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தின் மெர்லின் என்ஜினில், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜரின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 6¼ பவுண்டிலிருந்து 12-ஆக உயர்ந்தது. அதனால் 9,000 அடி உயரத்தில் 1,310 குதிரைத்திறன் கிடைத்தது. இந்த அழுத்தத்துக்கு ஐந்து நிமிடம்தான் அனுமதி. பயன்படுத்தியதை இறங்கியதும் என்ஜின் பதிவேட்டில் குறிக்க வேண்டும். 87-ஐ ஊற்றிக்கொண்டு அந்த அழுத்தம் கொடுத்தால், சிலிண்டரில் தீச்சுடர் எட்டாத கலவை தானாகவே வெடிக்கும். பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழும். சுமார் 16,000 அடிக்கு மேலே இந்த லாபம் கிடையாது. அங்கே காற்று மெலிந்துவிடுவதால் சூப்பர்சார்ஜரால் அவ்வளவு அழுத்தம் தர முடியாது.

ஜெர்மனியிடமும் சி3 என்ற உயர் ஆக்டேன் பெட்ரோல் இருந்தது. ஆனால் அவர்களின் அன்றைய மெஸ்ஸர்ஷ்மிட் 109 சண்டை விமானங்களில் பெரும்பாலானவை பி4 என்ற 87 ஆக்டேன் பெட்ரோலில்தான் பறந்தன.

தரத்தைவிட அவர்களை முடக்கியது தட்டுப்பாடு. விமான பெட்ரோலின் பெரும்பகுதி லாய்னா போன்ற ஆலைகளில் நிலக்கரியிலிருந்து வந்தது. 1944 மே 12 முதல் அமெரிக்கக் குண்டுகள் அவற்றைத் தாக்கின. ஏப்ரலில் சுமார் 1,75,000 டன்னாக இருந்த மாத உற்பத்தி, செப்டம்பரில் 20,000 டன்னைக்கூட எட்டவில்லை. புது விமானங்கள் வந்துகொண்டே இருந்தும், பயிற்சிப் பறப்பைக் குறைத்து அரைகுறையாகப் பழகியவர்களைச் சண்டைக்கு அனுப்பினார்கள்.

வாசகர், திருச்சி