ஆத்தங்குடிக் கண்ணாடிகளுக்கு ஒரு நன்றி மடல்

பேப்பரில் கார்ட்டூன் போட்டுவந்த, இப்போது நம்மோடு இல்லாத ஐயாவின் மூலப்படங்கள் அந்த வாரம் மழையில் நனைந்து என்ன பாடு பட்டன என்பது காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். துக்கம் கேட்க வந்த நீங்களே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினீர்கள். ஆகவே அதை மறுபடியும் எழுதவில்லை. கடைசிக் கட்டும் காய்ந்து பெட்டிக்குள் போய்விட்டது. ஆச்சி ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உதவுனவுக எல்லாத்துக்கும் ஒரு வார்த்தை எழுதிப் போடுங்கப்பா" என்றார்கள். அவர்கள் சொல்லித்தான் இந்த மடல்.

முதல் நன்றி ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்தும் ஓர் அண்ணனுக்கு. பேரைப் போட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்; போடவில்லை. ஐயாவுக்கு அவர் உறவு இல்லை, இந்த வீட்டு வாசற்படியை அதற்குமுன் மிதித்ததும் இல்லை. பட்டறைக்கு வரும் பேப்பரில் ஐயாவின் கார்ட்டூனைப் பார்த்து வந்தவர், அவ்வளவே. யாரும் கூப்பிடாமல், ஒரு குட்டியானையில், டைல்ஸ் வார்க்கும் 200 கண்ணாடிகளைச் சாக்கு இடை வைத்து அடுக்கிக் கொண்டுவந்து முகப்பில் இறக்கினார்.

நனைந்த படத்துக்குக் கண்ணாடி எதற்கு என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள். இன்னொரு வீட்டில் இன்னொரு மழைக்கு உதவும் என்பதால் விவரமாகவே சொல்லிவிடுகிறோம்.

நனைந்த தாளுக்கு முதல் எதிரி பூஞ்சணம். மழைக்காலப் புழுக்கத்தில் 48 மணி நேரத்துக்குள் பிடிக்கத் தொடங்கிவிடும். அடுத்தது நெளிவு. ஈரத்தில் தாளின் நார் உப்பும், காயும்போது சுருங்கும். ஓரம் முந்திக் காய்ந்துவிடும், நடுப்பகுதி பிந்தும்; இழுவை சீராக இருக்காது. தாள் சுட்ட அப்பளமாக வளைந்துகொள்ளும். அப்படி வளைந்து காய்ந்ததைப் பிறகு வலிய நிமிர்த்தினால், வெள்ளைப் பெயிண்ட் வைத்துத் திருத்திய இடமெல்லாம் செதிள் செதிளாக உதிர்ந்துவிடும். வெயிலில் காயப் போடுவதும் இஸ்திரிப் பெட்டி வைப்பதும் இதைத்தான் செய்யும். முக்கால் பதம் காய்ந்து, புறங்கையை வைத்தால் இன்னும் சில்லென்று இருக்கிற நேரத்தில், தட்டையான இரண்டு பரப்புகளுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்ற வேண்டும்.

அந்தத் தட்டையான பரப்புதான் கிடைக்கவில்லை. தேக்குப் பலகையில் ஈரம் பட்டால் அதன் சாயம் தாளில் இறங்கும். பிளைவுட் வளையும். அம்மிக்கல், திண்ணைக்கல் எல்லாம் மேடு பள்ளம். கண்ணாடியைவிடத் தட்டையான பொருள் வீட்டுக்குள் கிடையாது. ஆனால் நூற்றுக்கணக்கில், ஒரே அளவில், யார் வைத்திருப்பார்கள்?

பேப்பரில் மூன்று பத்தி அகலத்துக்கு வரும் படத்தை ஐயா 9 அங்குல அகலத்தில் வரைவார். அச்சுக்கு மூன்றில் இரண்டாகக் குறைத்தால் 6 அங்குலம். ஓரத்தோடு சேர்த்து அவர் வெட்டிக்கொள்ளும் தாள் பத்துக்குப் பத்து. ஆத்தங்குடிக் கல் என்று நாம் சொல்லும் தரை டைல்ஸில் அதிகம் போகும் அளவுகளில் ஒன்றும் பத்துக்குப் பத்து; கல் வார்க்கும் கண்ணாடியும் அதே அளவு. ஒரு படத்தின் ஓரம்கூட வெளியே நீட்டாமல் கச்சிதமாக உட்கார்ந்தது.

பட்டறையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்ணாடியின் மதிப்புத் தெரியும். கண்ணாடியைத் துடைத்து வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. சிமெண்டும் ஆக்சைடு நிறமும் கரைத்த கூழைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணல் சிமெண்ட் கலவை, அதற்கும் மேலே ஈரக் கலவை, பிறகு வழித்துச் சமன். கல்லின் முகத்துக்கு வரும் பளபளப்பு முழுவதும் அந்தக் கண்ணாடி கொடுப்பது. கல் இறுகிக் கழலும்வரை அந்தக் கண்ணாடியில் அடுத்த கல்லை வார்க்க முடியாது. ஆக, பட்டறையில் எத்தனை கண்ணாடியோ அத்தனை கல்தான் ஒரு சுற்றுக்கு. 200 கண்ணாடியை வெளியே அனுப்பினால் சுற்றுக்கு 200 கல் போயிற்று என்று கணக்கு. ஆர்டர் எடுத்து வைத்திருந்த நேரத்தில் இதைச் செய்தார். வாடகை என்று பேச்செடுத்ததும், "மொதல்ல படத்தைப் பாருங்கண்ணே" என்று கண்ணாடியைத் துடைக்கத் திரும்பிவிட்டார்.

கொண்டுவந்து இறக்கியதோடு அவர் போகவில்லை. சிமெண்டுத் தூசி காரம்; தாளில் ஏறினால் அரிக்கும், மையைக் கீறும். அதனால் ஒவ்வொரு கண்ணாடியையும் வெறும் தண்ணீரில் கழுவித் துணியால் உலரத் துடைத்துத்தான் உள்ளே விட்டார். பாரத்துக்குப் பூக்கற்களையும் அவரே பொறுக்கினார். கல் ஒன்று ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. தண்ணீர்த் தொட்டியிலிருந்து புதிதாக எடுத்த கல்லில் உள்ளுக்குள் ஈரம் நிற்கும் என்று ஒதுக்கினார். எண்ணெய் போட்டு மெருகேற்றிய கல்லையும் ஒதுக்கினார். நன்றாகக் காய்ந்து பழசாகிக் கிடந்தவை மட்டும் வண்டி ஏறின.

அடுக்கிய முறை இது. கீழே கண்ணாடி. அதன்மேல் ஒற்றுத்தாள், பிறகு கஞ்சி போடாமல் துவைத்த பழைய வேட்டித் துணி, பிறகு படம். மறுபடி துணி, ஒற்றுத்தாள், கண்ணாடி, உச்சியில் இரண்டு கல். கண்ணாடி ஒருபோதும் நேராகப் படத்தைத் தொடக் கூடாது. ஒற்றுத்தாளை முதலில் அரை மணியில் மாற்ற வேண்டும், அடுத்து இரண்டு மணியில், அதன்பின் காலையும் மாலையும். கண்ணாடிக்கு மூச்சு கிடையாது; தாளை மாற்றாமல் விட்டால் உறிஞ்சிய ஈரத்தை அதுவே படத்துக்குத் திருப்பிக் கொடுத்து, உள்ளே பூஞ்சணம் கிளம்பிவிடும். மாற்றும்போது மேல் கண்ணாடியை அப்படியே தூக்கினால் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கும். பக்கவாட்டில் நகர்த்திக் கழற்ற வேண்டும். இது ஆத்தங்குடிக் கை.

அந்தக் கை பட்டாலைக் கூடத்தில் மாட்டியிருந்த சட்டப் படங்களுக்குத்தான் மிகவும் தேவைப்பட்டது. சட்டக் கண்ணாடி நேராகப் படத்தின்மேலேயே படிந்திருந்ததால், நனைந்ததும் வெள்ளைப் பெயிண்ட் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. பிரித்து எடுத்துவிடலாம் என்று நாலு பேர் கை நீட்டியபோது தடுத்தவர் அவர். சட்டத்தைக் கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி தரையில் வைத்து, பின்பலகையை மட்டும் எடுக்கச் சொன்னார். தண்ணீர்ப் பஞ்சத்துக் குடங்கள் வரிசை கட்டி நிற்கும் படம் உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் பிரிக்கும்போது வளவுத் தாழ்வாரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வெடிப்பு விட்ட இரண்டு கட்டைவிரலையும் கண்ணாடி விளிம்பில் வைத்து, ஒரு நூல் அளவு நகர்த்துவார், நிறுத்துவார், தாள் கூட வருகிறதா என்று குனிந்து பார்ப்பார், மறுபடி ஒரு நூல். படம் கிழியாமல் வந்தது. ஒரு குடத்தின் மினுக்கத்துக்கு ஐயா வைத்த வெள்ளைப் புள்ளி மட்டும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அந்தக் கண்ணாடியைக் கழுவாமல் படத்தோடு சேர்த்து வைத்திருக்கிறோம். தேர்ந்த தாள் பராமரிப்பாளர் வந்து பார்த்து முடிவு செய்யட்டும். கழலவே மறுத்த படங்களை அப்படியே கண்ணாடி கீழாகவே காயவிட்டுவிட்டோம். ஒட்டியது ஒட்டியபடி இருந்தால் பிறகு வழி உண்டு. பிய்ந்து போனால் வழியே இல்லை.

இவ்வளவு பாடு ஒரு பேப்பர் படத்துக்கா, அதுதான் அச்சில் வந்துவிட்டதே என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அச்சில் வந்த கோடு ஐயா போட்ட கோடு இல்லை. ஐயா வரையத் தொடங்கிய காலத்தில் படத்தைப் போட்டோ எடுத்துத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி நைட்ரிக் அமிலத்தில் அரித்து ப்ளாக் என்கிற அச்சுத் தகடு செய்வார்கள். அமிலம் கீழ்நோக்கி மட்டும் அரிக்காது, கோட்டின் பக்கத்திலும் நுழையும். மயிரிழைக் கோடு அங்கே அறுந்துபோகும். கோடுகளை நெருக்கிப் போட்டால் மட்டமான பேப்பரில் மை ஊறி ஒரே கறுப்பாக அடைத்துவிடும். இதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் அவர் தூரிகை தடித்து மெலிந்து போகும். அடியில் இளநீலப் பென்சில் கோடு ஓடும்; அந்த நீலம் கேமராவில் விழாது என்பதால் அழிக்கவே மாட்டார். எங்கே சாம்பல் புள்ளி போட வேண்டும் என்று ப்ளாக் எடுப்பவருக்குச் சொல்வதும் அதே நீலம்தான். ஒரு தலைவரின் மூக்கை மூன்று முறை தேடி நான்காவதாகப் பிடித்தது மூலப்படத்தில் மட்டும் இருக்கிறது. வரையக் கற்கிற பிள்ளைக்கு அச்சான படம் விடையைக் காட்டும். மூலம் கணக்குப் போட்ட முறையைக் காட்டும்.

கறுப்பு மை நம்மைக் காப்பாற்றியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அரக்கு கலந்த டிராயிங் இங்க் காய்ந்தபின் தண்ணீருக்குக் கரையாது. கெடுத்தவை பின்புறத்து ஊதா ரப்பர் ஸ்டாம்பும், காப்பியிங் பென்சிலில் எழுதிய அளவுக் குறிப்புகளும். காப்பியிங் பென்சில் ஈரம் கண்டால் கத்தரிப்பூ நிறத்தில் பரவி முன்பக்கம் வரை வந்துவிடும். அவற்றை முதலில் பிரித்துத் தனியே கிடத்தியதால் பக்கத்துப் படங்கள் தப்பின. ஜெம் கிளிப் போட்டிருந்த இடமெல்லாம் துருக்கறை. மைதாப் பசை போட்ட இடமெல்லாம் மழைக்கு முன்பே ராமபாணப் பூச்சி தின்றது.

மற்றவர்களுக்கும் நன்றி, ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை. ஐஸ்கிரீம் டீப் ஃப்ரீசரைக் காலி செய்து, இரண்டு நாளில் காயவைக்க முடியாத கட்டுகளை உறைய வைத்துக் கொடுத்த கடைக்காரர். உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது, நாங்களும் மூச்சு விட்டுக்கொண்டு சிறுகச் சிறுக எடுத்துக் காயவைத்தோம். அச்சடிக்காத ரீல் மிச்சத்தை ஒற்றுத்தாளுக்குப் பதிலாக அனுப்பிய அச்சகத்தார். ஸ்டாண்டு ஃபேன்களைக் கொடுத்ததோடு, காற்றைத் தாளின்மேல் அடிக்காமல் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போன மண்டபத்து அண்ணன். ஒட்டிக்கொண்ட வழவழப்பான ஆர்ட் பேப்பரை ஈரம் இருக்கும்போதே பிரித்த கல்லூரிப் பெண்பிள்ளைகள். அது காய்ந்தால் கல்லாகிவிடும், அவர்கள் விரல்தான் அதற்கு வாய்த்தது. வேட்டித் துணி கொடுத்த வீடுகள். நேரம் பார்க்காமல் காப்பி அனுப்பிய பக்கத்து வளவுக்காரர்கள். எல்லாருக்கும் ஆச்சியின் சார்பிலும் எங்கள் சார்பிலும் வணக்கம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் அவர் மறைவுக்குப் பின் சிதறிப் போகாமல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அதற்குச் சிகாகோ பல்கலைக்கழகம் வர வேண்டியிருந்தது. காகிதத்தைச் சேர்க்கத் தெரிந்த மண் இது. காக்கவும் நாமே கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்த நாட்களில் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஐயாவின் மூலப்படம் எதையும் இனி கண்ணாடியில் ஒட்ட வைத்துச் சட்டம் போட மாட்டோம். நடுவில் அட்டை ஓரம் கொடுத்துத்தான் போடுவோம், அதுவும் நகலைத்தான். எல்லாவற்றையும் நீலப் பென்சில் தெரியும்படி கலரில், 600 டிபிஐயில் ஸ்கேன் செய்கிறோம். பத்துக்குப் பத்துப் படம் ஒன்று 100 எம்பியைத் தாண்டுகிறது; சுருக்காமல் மூன்று பிரதியாக, ஒன்றை வேறு ஊரில் வைக்கிறோம். மூலங்கள் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் இருக்கும். இது ஐயாவுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு.

கண்ணாடிகள் கழுவித் துடைத்து ஆத்தங்குடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. உடைந்தவற்றுக்குப் புதுக் கண்ணாடி வெட்டிச் சேர்த்து அனுப்பினோம். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஒரு வேண்டுகோள் பாக்கி. உங்களில் பலரிடம் ஐயா கையால் வரைந்து கொடுத்த படங்கள், கல்யாணப் பத்திரிகை ஓவியங்கள், பேப்பர் கத்தரிப்புகள் இருக்கின்றன. தயவுசெய்து லேமினேட் செய்ய வேண்டாம். செய்தால் மீட்க முடியாது. கிழிசலுக்கு செலோடேப் ஒட்ட வேண்டாம். அதன் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கும். பேப்பர் கத்தரிப்பை மூலப்படத்தோடு சேர்த்து வைக்க வேண்டாம். நியூஸ்பிரிண்டின் அமிலம் பக்கத்துத் தாளையும் மஞ்சளாக்கும். கத்தரிப்பின் ஓரத்தில் தேதியைப் பென்சிலால் எழுதி, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து வீட்டுக்கு எடுத்து வாருங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே ஸ்கேன் செய்து கையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் முகப்பில் ஆள் இருக்கும்.

நன்றியுடன்,
ஐயாவின் படங்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்கள்,
காரைக்குடி