வீடு முதலில், வைத்தியர் பின்னரா?

மதிப்பிற்குரிய திட்ட அனுமதிக் குழுவினருக்கு,

வணக்கம். ரயிலடிக் கார் தரிப்பிடத்தில் மாடிக் குடியிருப்புக் கட்ட நீங்கள் கை உயர்த்திய இரவு, பார்வையாளர் வரிசையில் நானும் இருந்தேன். வைத்தியர்களுக்கு இடம் எங்கே என்று ஒருவர் கேட்டதற்கு, அது பின்னர் பார்க்கப்படும் என்றீர்கள்.

என் அம்மாவுக்கு 78 வயது. எங்கள் ஜிபியின், அதாவது குடும்ப வைத்தியரின், தொலைபேசி காலை 8 மணிக்குத் திறக்கும். 7.59க்கே நானும் மகளும் ஆளுக்கொரு போனுடன் தயார். அப்படியும் வரிசையில் 31ஆவது ஆள். எங்கள் முறை வரும்போது இன்றைய இடங்கள் முடிந்துவிடும். நாளை எட்டுக்கு எடுக்கச் சொல்வார்கள். மூன்று நாள் இதே கதை. "இருமல்தானே, விடு பிள்ளை" என்றார் அம்மா. இருமல் அவரை விடவில்லை. நாலாம் நாள் இரவு அவசரப் பிரிவில், பிளாஸ்டிக் கதிரையில், ஆறரை மணி நேரம்.

இந்தப் பக்கத்து ஊர்கள் வளர்ந்த விதம் உங்களுக்குத் தெரியாததல்ல. லண்டனின் வடமேற்கில் எங்களுக்கு அடுத்த ஊரான 'பின்னர்' (Pinner) என்ற இடத்தின் தேவாலயம் 1321இலிருந்து நிற்கிறது. 1336இல் மூன்றாம் எட்வர்ட் மன்னர் அங்கே சந்தை கூட உரிமை கொடுத்தார். அதற்குப் பிறகும் ஐந்நூறு வருடத்துக்கு மேல் அது கிராமம்தான். 1885இல் மெட்ரோபாலிட்டன் ரயில் வந்தது. அதன்பிறகே, லண்டன் குதிரைகளுக்குப் புல் விளைந்த வயல்கள் இந்தப் பக்கமெல்லாம் வீடுகளாயின. ரயில் பாதையோர வீடுகளை 'மெட்ரோலேண்ட்' என்று ஆசை காட்டி விற்ற ரயில் கம்பனிக்காரர்கள் தருமத்துக்குச் செய்யவில்லை, லாபத்துக்குத்தான். ஆனாலும் தண்டவாளம் முந்தி, வீடு பிந்தி.

அந்த ஊரின் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டினேன். அம்மா சிரித்தார்: "அது பின்னர் எண்டால், எங்கட ஊர் எப்ப?"

புதிதாக வருவோரைத் தடுக்கச் சொல்லவில்லை. நாங்களும் வந்து குடியேறியவர்களே. முதல் குடும்பம் சாவி வாங்குமுன் ஜிபி வைத்தியசாலை பெரிதாக வேண்டும், அவ்வளவுதான். திட்ட அனுமதிக்காகக் கட்டுநருடன் கவுன்சில் செய்யும் 106ஆம் பிரிவு ஒப்பந்தத்தில் அதை நிபந்தனையாக எழுதலாமே. விளம்பரப் படத்தில் மரம் இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது, நாய்க்குட்டிகூட இருக்கிறது. அங்கே வரப்போகிறவர்களுக்கு இருமலே வராது போலும். கவுன்சில் வரி மட்டும் ஏப்ரல் தவறாமல் ஏறுகிறது.

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. வைத்தியசாலை முதலில், குடியேற்றம் அதன்பின். எந்தத் தேதிக்குள் என்று தயவுசெய்து எழுத்தில் அறியத் தாருங்கள். போனில் சொல்வதானால் காலை எட்டு மணிக்கு மட்டும் அழைக்க வேண்டாம்; அந்த நேரம் எங்கள் இரண்டு போனும் வரிசையில் நிற்கும்.

இப்படிக்கு,
31ஆவது ஆள்